கோபத்துக்கு அரை அங்குலம்

முதன்முதலாக நடன உடைக்கு அளவு கொடுக்கப் போனபோது அவர் என் உயரத்தைக் கேட்கவில்லை, இடுப்பைக் கேட்கவில்லை. வாயில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, உதட்டின் ஓரத்தால் கேட்டார்.

"ஆரு அவள்?"

"எவளக்கா?"

"நீ ஆடப்போறியே, அவள்தான். ஆருக்குத் தைக்கிறன் எண்டு தெரியாம எப்பிடிப் புள்ள துணிய வெட்டுற?"

"எனக்குத்தானக்கா தைக்கிறீங்க."

"உனக்கில்ல. மேடையில ஏறினா நீ எங்க இரிக்கிறாய்? அவள்தானே நிக்கப்போறாள்."

அன்று நான் மயிலிறகு சூடிய கிருஷ்ணனைத் தேடும் ராதையாக ஆடுவதாக இருந்தேன். சொன்னேன். "ஓ, அவளா" என்று, பக்கத்து வளவுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். "அவள் ஒரு இடத்தில நிக்கமாட்டாள். கைக்குழிய இறக்கி வெட்டோணும்" என்றார். அப்படித்தான் வெட்டினார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் எந்தப் பக்கம் கையைத் தூக்கினாலும் ஒரு நூல்கூட இழுக்கவில்லை.

ஊரில் எல்லாரும் அவரைத் தையலக்கா என்றுதான் சொன்னோம். பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மட்டக்களப்பை அடுத்த தன்னாமுனையில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கடைசி வீடு. ஜன்னலோரம் மெசின், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிகுடி வரை பரதம் ஆடுகிற பிள்ளைகள் பாதிப் பேரின் விசிறி மடிப்பு அவர் கையால் வந்ததுதான். ஒரு நாளாவது ஆடிப் பழகியவர் அல்ல. சலங்கை கட்டியதில்லை. அடவு என்றால் என்னவென்று கேட்டால், "காலால மிதிக்கிறதுதானே" என்பார்.

பரதத்தில் நாயகியர் எட்டு வகை என்று நாங்கள் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். எல்லாம் நாக்குச் சுளுக்கும் பெயர்கள். தையலக்கா அந்த எட்டுப் பேரையும் நேரில் அறிந்தவர்போலத் தானே பெயர் வைத்திருந்தார். அலங்கரித்துக்கொண்டு தலைவன் வரவுக்குத் தயாராக இருப்பவள் 'சோடிச்சிரிக்கிறவள்'. சண்டை பிடித்து அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துபவள் 'கலைச்சுப்போட்டு அழுறவள்'. இருட்டில் தலைவனைத் தேடிப் போகிறவளுக்கு விசிறியை இரண்டு விரற்கடை உயர்த்தித் தைப்பார். சேற்றில் நடக்கிறவளாம். தலைவன் தூரதேசம் போயிருப்பவளை அவர் 'வெளிநாட்டுக்காரன்ட பொஞ்சாதி' என்பார். என் தோழி ஒருத்தி அந்த நாயகிக்கு அளவு கொடுக்கப் போனபோது, "சவூதியா, கட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். தோழி விழித்திருக்கிறாள். "காசு ஒழுங்கா அனுப்புறானா எண்டாவது தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. பிறகு இடுப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாராம். அவளுக்குச் சோறு இறங்காது என்பதால்.

அவருடைய அளவுக் கொப்பியிலும் ஆடுகிற பிள்ளைகளின் பெயர் இருக்காது. 'காத்திருக்கிறவள்', 'சோடிச்சிரிக்கிறவள்' என்றுதான் தலைப்பு. இதனால் ஒரு முறை பெரிய கூத்தே நடந்தது. ஒரே பாடசாலையில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் காத்திருக்கிற நாயகி. ஒருத்தி ஈர்க்கு மாதிரி, மற்றவள் நல்ல உடம்புக்காரி. பரிசளிப்பு விழாவன்று உடை மாறிப் போய்விட்டது. ஒருத்திக்கு ஊசி பதினைந்து குத்தி இறுக்கினோம், மற்றவளுக்குக் கொக்கியே பூட்டவில்லை. நான் ஸ்கூட்டியில் பறந்து போய்ச் சொன்னால், தையலக்கா கொஞ்சமும் அசையவில்லை.

"காத்திருந்து காத்திருந்து ஒருத்தி மெலிஞ்சிட்டாள், மற்றவள் திண்டு கொழுத்திட்டாள். நான் என்னகா செய்யிற?"

அதற்குப் பிறகும் தலைப்பை மாற்றவில்லை. பக்கத்தில் சின்னதாக 'மெலிஞ்சவள்', 'கொழுத்தவள்' என்று எழுதிக்கொண்டார்.

இவரை விசரி, பைத்தியக்காரி என்று நினைத்தவர்களும் உண்டு. நானும் கொஞ்ச நாள் நினைத்தேன். ஒரு நாள் யசோதையாக ஆடும் சின்னப் பிள்ளை ஒருத்தியின் சட்டையை அவர் மடியில் வைத்துத் தோள்பக்கச் சரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல சரிகை. ஏன் என்று கேட்டேன். "புள்ள தோளில சாயும். கன்னத்தில குத்தாதா?" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். மேடையில் அந்தச் சிறுமி வெறும் கையைத் தொட்டிலாக மடித்து, இல்லாத குழந்தையைத் தோளில் போட்டபோது, அவளுடைய கன்னம் தானாக அந்தப் பருத்தித் துணியில் போய் ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அன்றிலிருந்து நான் அவரை விசரி என்று நினைப்பதை விட்டேன்.

அவருடைய சொந்தச் சட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஈர்க்கிலும் மெலிந்தவர். ஆனால் போடுகிற சட்டைகள் எல்லாவற்றிலும் இரண்டு பக்கத் தையலும் பிரித்து, வேறு நிற நூலால் அகலம் விட்டுத் தைக்கப்பட்டிருக்கும். ஊரெல்லாம் நூலைப் பொருத்திப் பொருத்தித் தைப்பவர், தன் சட்டைக்கு மட்டும் கையில் அகப்பட்ட நூலைப் போட்டிருந்தார். ஒருமுறை கேட்டேன்.

"நான் கொழுத்திட்டன் புள்ள" என்றார்.

அவர் கொழுக்கவில்லை. அவருடைய கணவர் நெல் வெட்டு மெசின் ஓட்டுபவர். கிரான் பக்கத்து வயல்வட்டைக்கு வேளாண்மை வெட்டப் போனவர். வெட்டு முடிந்தது, மறுபோகம் விதைத்து அதையும் வெட்டியாயிற்று, மனுசன் திரும்பவில்லை. அங்கே வேறொருத்தியின் வீட்டில் சோறு என்று ஊர் பேசியது. தையலக்கா பேசவில்லை. யாரும் கேட்டால், "வேலையா இரிக்கிறார்" என்று சொல்லிவிட்டு வாயில் ஊசிகளை வைத்துக்கொள்வார். ஊசி வாயில் இருப்பவரிடம் யாரும் மேற்கொண்டு கதை கேட்பதில்லை.

இனி என் கதை. நான் அப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாடசாலையில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. நடனத்தில் இறுதிச் செய்முறைப் பரீட்சை சித்தியடைந்தால் நியமனம், இல்லாவிட்டால் தொண்டுதான். முதல் முறை தவறிவிட்டேன். பரீட்சகர் எழுதிய குறிப்பை என்னால் இன்றும் எழுத்துப் பிசகாமல் சொல்ல முடியும். 'தாளம் சுத்தம். முகத்தில் ஒன்றும் நிகழவில்லை.' அந்த இரண்டாவது வசனத்தை நினைத்து நினைத்து நான் கண்ணாடிக்கு முன்னால் புருவத்தை ஏற்றி இறக்கி, ஒரு கட்டத்தில் புருவம் வலிக்கத் தொடங்கியது. இரண்டாம் முறையும் தவறினால் மூன்றாம் முறை கிடையாது. களுதாவளையில் அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துவிட்டு, நாள்தோறும் தொலைபேசியில், "முகம் வந்திட்டா?" என்று விசாரித்தார்.

இந்த முறை எனக்கு விழுந்த நாயகி, விடியற்காலையில் வேறொருத்தியின் சந்தனம் மார்பில் காயாமல் வீடு திரும்பும் தலைவனை எதிர்கொள்பவள். பரத நூலில் அவளுக்குக் கண்டிதை என்று பெயர். தையலக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்தானே. சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"கோவக்காரி" என்று கொப்பியில் தலைப்புப் போட்டார். மார்பளவை எடுத்து, அதோடு அரை அங்குலம் கூட்டி எழுதினார்.

"ஏனக்கா கூட்டுறீங்க? தொளதொள எண்டிரிக்குமே."

"கோவத்தில மூச்சுப் பெரிசா வரும். சட்டை இறுகினா மூச்சு மேலாலதான் போகும். மேலால போனா அழுகைதான் வரும். ஆடிக் காட்டு பாப்பம்."

ஆடிக் காட்டினேன். கதவு நிலையைப் பிடித்துச் சரிந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, விம்மி, நிமிர்ந்து, மறுபடி விம்மினேன். என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகவே விம்மினேன். தையலக்கா மெசினில் இருந்து காலை எடுத்தார்.

"நில்லு. இது ஆருட வீடு?"

"எது?"

"அவள் நிண்டு அழுறாளே, அந்த வீடு."

"பாட்டில அது இல்லக்கா."

"பாட்டில இல்லாட்டி என்ன? வீடு பொம்புளட வீடுதானே. தாய் குடுத்ததாயிரிக்கும். அவன் பெட்டியோட வந்தவன். அப்ப இப்ப வெளியில நிக்கிறது ஆரு?"

"அவன்."

"உள்ளுக்கு நிக்கிறது?"

"அவள்."

"மறுகா என்னத்துக்கு அவள் தெருவில விட்ட புள்ள மாதிரிக் குழறுறாள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது சிரிப்பதற்கான கேள்வி அல்ல. இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இருபத்தேழு வருடம் அப்படியொரு வீட்டில் வளர்ந்துவிட்டு, கண்டிதையை மட்டும் நான் ஏதோ வாடகை வீட்டில் குடியிருப்பவளாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

என் நடன ஆசிரியையிடம் போய் இதைச் சொன்னேன். "பாட்டுக் கட்டினவர் எங்கட பக்கம் வந்ததில்ல போல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சோதிக்க வாறவங்க வெளியூர். கவனம்" என்றார். அழுதால் பழைய குறிப்பு. அழாவிட்டால் என்ன செய்வது? அழாமல் நிற்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசி அளவு பார்க்கப் போனேன். காலை ஒன்பது மணியிருக்கும். தைத்த சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, வாயில் எட்டுக் குண்டூசிகளோடு என் இடுப்பைச் சுற்றி முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தார் தையலக்கா. வளவுக் கடப்படியில், வேலி வாசலில், மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. நான் ஜன்னலால் பார்த்தேன். சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர், கையில் கயிறு கட்டிய ஒரு தயிர்முட்டி. கிரான் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தயிர் கொண்டுவருவார்கள். யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவர் வாசற்படிவரை வந்து நின்றார். படியில் ஏறவில்லை. தொண்டையைச் செருமி, "இரிக்கிறியா?" என்றார்.

தையலக்கா தலையைத் திருப்பவில்லை. வாயிலிருந்து ஒரு ஊசியை எடுத்து என் இடுப்பு மடிப்பில் குத்தினார். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் எடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, குத்தினார். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தயிர்முட்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார், பிறகு வலக்கையிலிருந்து இடக்கைக்கு. தையலக்காவின் முகத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. அவருடைய சட்டையின் பக்கத்துத் தையல் மட்டும், அந்த வேறு நிற நூல், மெல்ல விரிந்து மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவதோ ஏழாவதோ ஊசி என் தோலில் இறங்கியது. நறுக்கென்று இறங்கியது. அத்தனை வருடத்தில் அவர் கை ஒருவரைக் குத்தி நான் கண்டதில்லை. நான் மூச்சுக் காட்டவில்லை. அந்த நேரத்தில் "ஆ" என்றால் அவருடைய கை பிசகியதை வாசலில் நிற்கிறவருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று பட்டது.

கடைசி ஊசியும் வாயை விட்டுப் போன பிறகுதான் அவர் எழுந்து வாசலைப் பார்த்தார்.

"என்ன விசயம்?"

துணி தைக்கக் கொண்டுவந்தவரைக் கேட்கும் அதே குரல்.

"சும்மா... பாத்திட்டுப் போகலாமெண்டு."

"பாத்தாச்சுதானே. இப்ப அளவெடுத்துக்கொண்டு நிக்கிறன். மறுகா பாப்பம்."

மனிதர் தலையைக் குனிந்து திரும்பினார். நாலடி போயிருப்பார்.

"தயிர வச்சிட்டுப் போங்க. வெயில்ல புளிச்சிடும்."

வைத்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் தேயும்வரை தையலக்கா அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குத்திட்டா?"

"இல்லக்கா."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் சாதாரணமாக வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

"பொய் சொல்றாய். நோகுது உனக்கு." பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "அடி புள்ள, உனக்கு முகம் வந்திட்டு!"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கும் வந்தது. யாருடைய தண்ணீர் எதற்கு வந்தது என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் தயிரைச் சர்க்கரை போட்டு ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டோம். நல்ல தயிர். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

பரீட்சையன்று தையலக்கா பஸ் ஏறி வந்திருந்தார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். "உடுப்பில ஏதும் கிழிஞ்சா நீங்களா தைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முன்னால் இரண்டு பரீட்சகர்கள், கையில் பேனா.

தலைவன் வாசலுக்கு வருகிற வரிக்கு வந்தேன். பழைய பழக்கத்தில் உடம்பு கதவு நிலையைத் தேடிச் சரியப் பார்த்தது. விடவில்லை. நேராக நின்றேன். வலக்கை விரல்களை ஊசி பிடிப்பதுபோலக் குவித்து உதட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்று எடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். இல்லாத துணியில் குத்தினேன். அடுத்தது. பாடகர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாட, நான் அவன் பக்கம் திரும்பாமல் ஊசிகளை எடுத்துக்கொண்டே இருந்தேன். மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. சட்டை அதற்கு இடம் கொடுத்தது. எட்டாவது ஊசிக்குப் பிறகுதான் அவனைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கதவை நோக்கிக் கையை நீட்டி முடித்தேன்.

மூத்த பரீட்சகர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"கையில் பிடித்தது ஹம்சாஸ்ய முத்திரை. சரி. அதற்குப் பொருள் என்ன? முத்தா, பூவா?"

"குண்டூசி, மேடம்."

"குண்டூசியா? நாயகி என்ன, தையல்காரியா?"

"ஓம் மேடம்."

"அவள் ஏன் அழவில்லை?"

என் வாய் எனக்கு முந்திக்கொண்டது. "வீடு அவட வீடு, மேடம்."

கடைசி வாங்கில் யாரோ இருமினார்கள். மூத்தவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு எதையோ எழுதத் தொடங்கினார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். சித்தியடைந்தேன் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அம்மா நூற்றெட்டுத் தேங்காயையும் உடைத்தார். பரீட்சகர் குறிப்பில் இந்த முறை ஒரே வசனம்தான் இருந்தது. 'முகத்தில் நிகழ்ந்தது.'

நியமனம் திருகோணமலைக்குக் கிடைத்தது. பிறகு நான் தையலக்காவைக் கண்டது குறைவு. இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கண்டிதைக்கு வந்தால், நான் அவர்களிடம் முதலில் வீடு யாருடையது என்றுதான் கேட்கிறேன். கைபேசியில் தேடிப் பார்க்கிறார்கள். அதில் அது இல்லை.

ஆனால் தையலக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது மேடை அல்ல, அன்று பரீட்சை முடிந்து திரும்பிய பஸ்தான். பாலத்தைத் தாண்டும்வரை அவர் ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். தன்னைத்தான் ஆடினேன் என்று கண்டுகொண்டாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் கேட்டார்.

"அவள் கடைசியில கதவப் பூட்டினாளா, சாத்தினாளா? எனக்கு விளங்கல்ல."

நான் அதை யோசித்து ஆடவில்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் பதில் வந்தது.

"சாத்தினாள் அக்கா. பூட்டல்ல."

"ம்." பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது. "ஓம். சாத்தினாப் போதும்."

இறங்கும் நேரம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், பழையபடி தொழில்காரியாகிவிட்டார்.

"உன்ட கோவம் முடிஞ்சுதுதானே. சட்டையக் கொண்டா, அந்த அரை இஞ்ச்சப் பிடிச்சுத் தாறன்."

"உங்கட சட்டைய எப்ப அக்கா பிடிக்கப்போறீங்க?"

படியில் ஒரு காலை வைத்தபடி தன் பக்கத்துத் தையலைக் குனிந்து பார்த்தார். நடத்துநர் அவசரப்படுத்தினார். தையலக்கா அவசரப்படவில்லை. நன்றாகச் சிரித்தார்.

"இது இரிக்கட்டும் புள்ள. மூச்சு விட வசதியா இரிக்கு."